ஹைட்ரோ டெஸ்ட் பார்க்காத இடம்: 6351 அலுமினிய ஸ்கூபா சிலிண்டர்கள்

1998-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ரிவியரா பீச் என்ற கடலோர ஊரில், டைவிங் கடை ஒன்றில் காற்று நிரப்பும்போது ஓர் அலுமினிய ஸ்கூபா சிலிண்டர், அதாவது தண்ணீருக்கடியில் மூச்சுவிட டைவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்று உருளை, வெடித்தது. நிரப்பிக்கொண்டிருந்தவருக்குப் படுகாயம். தீ விபத்தில்லை, வேதிவினையும் இல்லை. அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்த உலோகம் விட்டுப்போனது, அவ்வளவுதான்.

இது தனி ஒரு சம்பவமாக இருந்திருந்தால் ஒரு காப்பீட்டுக் கோப்போடு முடிந்திருக்கும். ஆனால் 1990-களில் அமெரிக்காவிலும் வெளியிலும் இதே மாதிரி உடைப்புகள் பதிவாகின. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் ஒத்துப்போயின. சிலிண்டர்கள் 6351-T6 என்ற அலுமினியக் கலவையால் ஆனவை. விரிசல் தொடங்கியது கழுத்தில், வால்வு திருகும் மரைகளுக்குப் பக்கத்தில். உடைந்த நேரம் பெரும்பாலும் நிரப்பும்போது அல்லது நிரப்பி முடித்த கையோடு. அதனால் அடிபட்டவர்கள் கடலுக்குள் போனவர்கள் அல்ல, கம்ப்ரசர் பக்கத்தில் நின்றவர்கள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை, அதாவது ஹைட்ரோ டெஸ்ட், செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் அப்போதும் இருந்தது. அந்தச் சோதனையில் தேறிய சிலிண்டர்களின் கழுத்திலும் விரிசல் கண்டெடுக்கப்பட்டது. சோதனையை யாரும் ஏனோதானோவென்று செய்ததால் வந்த வினை அல்ல இது. சரியாகச் செய்தாலும் அந்தச் சோதனை கழுத்தைப் பார்ப்பதே இல்லை. இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

எவ்வளவு சக்தி உள்ளே இருக்கிறது

உலகத்தில் அதிகம் புழங்கும் ஸ்கூபா சிலிண்டர், டைவர்கள் 'அலுமினியம் எண்பது' என்று சொல்வது. உள்ளே சுமார் 11.1 லிட்டர் கொள்ளளவு, நிரப்பும் அழுத்தம் 3000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு), அதாவது ஏறக்குறைய 207 பார். காலி சிலிண்டரின் எடை 14 கிலோவுக்குச் சற்று மேல். இதற்குள் அடைந்திருக்கும் காற்று சட்டென்று விரிந்தால் வெளியாகும் ஆற்றலைக் கணக்குப் போட்டால் சுமார் 450 கிலோஜூல் வருகிறது. 1200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் எவ்வளவோ, அவ்வளவு. அதைக் கையில் தூக்கிக்கொண்டு படகில் ஏறுகிறோம்.

இதே பாத்திரத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீரை நிரப்பி, சோதனை அழுத்தமான 345 பார் வரை ஏற்றினால் என்ன ஆகும்? தண்ணீர் அவ்வளவாக அமுங்காது. அந்த அழுத்தத்தில் ஒன்றரை சதவீதம் சுருங்கும். அதில் சேரும் ஆற்றல் மூன்று கிலோஜூல் அளவுதான். சிலிண்டர் கிழிந்தாலும் தண்ணீர் பீய்ச்சி அடித்து நின்றுவிடும். அழுத்தச் சோதனையைக் காற்றில் செய்யாமல் தண்ணீரில் செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஹைட்ரோ டெஸ்ட் உண்மையில் எதை அளக்கிறது

வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு, சிலிண்டரில் தண்ணீர் நிரப்புகிறார்கள். அதைத் தடித்த இரும்புத் தொட்டி ஒன்றுக்குள் இறக்கி மூடுகிறார்கள். அந்தத் தொட்டியும் தண்ணீரால் நிறைந்தது. மூடியிலிருந்து ஒரு குழாய், அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழலுக்குப் போகிறது. இப்போது சிலிண்டருக்குள் பம்ப் அடிக்க, அழுத்தம் ஏறுகிறது. சிலிண்டர் கொஞ்சம் உப்புகிறது. உப்பிய அளவுக்குத் தொட்டித் தண்ணீர் வெளியே தள்ளப்பட்டு, கண்ணாடிக் குழலில் மட்டம் உயர்கிறது. அலுமினியம் எண்பதுக்குச் சோதனை அழுத்தம் 5000 பி.எஸ்.ஐ., அதாவது நிரப்பும் அழுத்தத்தின் மூன்றில் ஐந்து மடங்கு. குறைந்தது 30 விநாடி அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும்.

குழலில் வாசிப்பைக் குறித்துக்கொண்டு அழுத்தத்தை விடுகிறார்கள். மட்டம் இறங்குகிறது, ஆனால் தொடங்கிய இடத்துக்குச் சரியாகத் திரும்புவதில்லை. அந்த மிச்சம்தான் நிரந்தர விரிவு. மொத்த விரிவில் அது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உதாரணத்துக்கு, மொத்தம் 70 மில்லி உப்பியதென்றால் திரும்பாமல் நின்றது 7 மில்லிக்கு மேல் போனால் சிலிண்டர் அவ்வளவுதான்.

இந்தச் சோதனை கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: சிலிண்டரின் சுவர் இன்னும் பழைய நிலைக்குத் திரும்புகிற மீள்தன்மையோடு இருக்கிறதா? துருப்பிடித்து மெலிந்த இரும்புச் சுவர், தீயில் வெந்து வலுவிழந்த அலுமினியச் சுவர், அளவுக்கு மீறி நிரப்பி நிரப்பித் தளர்ந்த சுவர், இவையெல்லாம் இதில் மாட்டும். நல்ல சோதனைதான். நூறு வருடத்துக்கு மேல் இதை நம்பித் தொழில் நடக்கிறதென்றால் சும்மா இல்லை.

ஆனால் கழுத்தைப் பாருங்கள். அங்கே உலோகம் சுவரைவிட வெகு தடிமன். 5000 பி.எஸ்.ஐ. ஏற்றினாலும் கழுத்து உப்பும் அளவு கணக்கில் சேராது. கண்ணாடிக் குழலில் ஏறும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுக்கச் சுவர் தள்ளியது. கழுத்து மரையில் ஒரு விரிசல் இருந்தால் அந்த வாசிப்பு ஒரு சொட்டுகூட மாறாது. ஒழுகுகிற அளவுக்கு விரிசல் வளர்ந்திருந்தால்தான் தெரியும்.

விரிசல் எப்படி வளர்கிறது

6351 கலவையில் சிலிக்கன் 0.7 முதல் 1.3 சதவீதம், மக்னீசியமும் மாங்கனீசும் 0.4 முதல் 0.8 வரை. T6 என்பது சூடாக்கி, தண்ணீரில் குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்திக் கெட்டியாக்கும் முறை. அமெரிக்காவில் லக்ஸ்ஃபர் நிறுவனம் 1970-களின் தொடக்கத்திலிருந்து 1988 நடுப்பகுதி வரை இதில் சிலிண்டர் செய்தது. வால்டர் கிடி நிறுவனமும் 1980-களின் இறுதி வரை செய்தது. லக்ஸ்ஃபரின் பிரிட்டன், ஆஸ்திரேலிய ஆலைகளில் 1990-கள் வரைக்கும் இந்தக் கலவை ஓடியது. கேட்டலினா என்ற இன்னொரு அமெரிக்கத் தயாரிப்பாளர் ஸ்கூபா சிலிண்டருக்கு இதைத் தொட்டதே இல்லை; 6061 என்ற வேறொரு அலுமினியக் கலவையைத்தான் எடுத்தார்கள்.

பொதுவாக உலோகத்தில் விரிசல் வளர இரண்டு வழி நமக்குப் பழக்கம். ஒன்று, ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிச் சோர்வு. இன்னொன்று, உப்புத் தண்ணீர் மாதிரி ஏதாவது அரித்துக்கொண்டே போவது. 6351-இல் நடந்தது இரண்டும் இல்லை. சிலிண்டரை நிரப்பி மூலையில் வைத்துவிட்டால்கூட, அந்த நிலையான இழுவிசை ஒன்றே போதும். உலோகத்தின் படிக மணிகளுக்கு நடுவிலுள்ள எல்லைகள் வழியே விரிசல் ஊர்ந்துகொண்டு போகும். நீடித்த சுமை விரிசல் என்று இதைச் சொல்லலாம். கலவையில் ஈயம் மாசாகக் கலந்திருந்தால், அது மிகச் சிறு அளவாக இருந்தாலும், இந்தக் குணம் கூடுகிறது என்று உலோகவியல் ஆய்வுகள் காட்டின. படிக மணிகள் பெரிதாக இருந்தாலும் அப்படியே.

கழுத்து ஏன்? அலுமினியக் கட்டியை அழுத்திக் கோப்பை வடிவமாக்கி, அதன் திறந்த வாயைச் சூட்டில் உள்ளே குவித்துத்தான் தோளும் கழுத்தும் உண்டாகின்றன. குவிக்கும்போது உட்புறத்தில் உலோகம் மடிந்து சின்னச் சின்ன மடிப்புகள் விழும். அந்த மடிப்புகளும், அதற்கு மேல் வெட்டிய மரைகளின் பள்ளங்களும் இழுவிசை வந்து குவிகிற இடங்கள். விரிசலுக்கு அதுவே வாசல்.

வேகம் மட்டும் மிக மெதுவு. தெரியத் தொடங்கிய விரிசல் ஒழுகும் அளவுக்கு வளர எட்டு ஆண்டுக்கு மேல் பிடிக்கும் என்பது தயாரிப்பாளர் தரப்புக் கணக்கு. பெரும்பாலான சிலிண்டர்களில் முதலில் வந்த அறிகுறி கழுத்தோரம் காற்று கசிவதுதான். அதைப் பார்த்தவர்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள், கதை முடிந்தது. ஏதோ சிலவற்றில் மட்டும் கசிவு கவனிக்கப்படாமலோ, கசிவதற்கு முன்பே விரிசல் தோளைத் தாண்டி நீண்டோ, நிரப்பும்போது மொத்தமாகக் கிழிந்தன.

ஹைட்ரோவின் 30 விநாடிக்கும் இந்த எட்டு வருடத்துக்கும் பொருத்தமே இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும்: வால்வில் ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கிறதே, அழுத்தம் மிஞ்சினால் அது உடைந்து காற்றை விட்டுவிடாதா? அந்தத் தகடு உடைவது சோதனை அழுத்தத்துக்குப் பக்கத்தில். அளவுக்கு மீறி நிரப்பினால் அது காப்பாற்றும். விரிசல் விட்ட கழுத்தோ வழக்கமான 3000 பி.எஸ்.ஐ.யிலேயே, சில சமயம் அதற்கும் கீழே, விட்டுப்போகிறது. தகடு தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துவிடும். தீ விபத்திலும் இதே சிக்கல்தான். பாதி நிரம்பிய அலுமினிய சிலிண்டர் நெருப்பில் கிடந்தால், உள்ளே அழுத்தம் தகடு உடையும் அளவை எட்டும் முன்பே சுவர் வெந்து வலுவிழந்துவிடும். 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 177 செல்சியஸைத் தாண்டிச் சூடேறிய அலுமினிய சிலிண்டரை அமெரிக்க விதிகள் கழிக்கவே சொல்கின்றன. அடுப்பில் வைத்துப் பவுடர் பெயின்ட் அடித்து 'புதுசு மாதிரி' ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கழுத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது

1994-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கழுத்து விரிசல் பற்றி எச்சரிக்கை கொடுத்தது. 1999 அக்டோபரில் இன்னொரு எச்சரிக்கை. இதற்கிடையில் டைவிங் தொழிலில் இருப்பவர்களே ஒரு வழி கண்டிருந்தார்கள். எடி கரண்ட் கருவி. கழுத்து மரைக்குள் திருகக்கூடிய ஒரு உருளை முனை; அதில் ஒரு கம்பிச் சுருள். சுருளில் மாறுதிசை மின்னோட்டம் போனால் பக்கத்து அலுமினியத்தில் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகும். விரிசல் குறுக்கிட்டால் அந்தச் சுழல் தடைபட, கருவி சத்தமோ முள்ளசைவோ காட்டும். விரிசல் வெட்டிவைத்த ஒரு மாதிரிக் கழுத்தில் முதலில் சரிபார்த்துக்கொண்டு, பிறகு சிலிண்டரில் மரை மரையாகத் திருகிக்கொண்டே போவார்கள்.

கேட்க எளிது. நடைமுறையில் ஒரு தலைவலி உண்டு. உற்பத்தியில் விழுந்த மடிப்பு, மரையில் ஒட்டிய அழுக்கு, மரை வெட்டியபோது விழுந்த கோடு, எல்லாவற்றுக்கும் கருவி கத்தும். அதனால் கருவி கத்தியதும் சிலிண்டரைக் குப்பையில் போடக் கூடாது. மரையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியும் கூர்மையான விளக்கும் கொண்டு, கருவி எந்த மரையில் கத்தியதோ அந்த மரையைக் கண்ணால் பார்க்க வேண்டும். மடிப்பு என்றால் ஓரம் உருண்டு, அடி தெரியும். விரிசல் என்றால் முடி போல நேராக, மரையை வெட்டிக்கொண்டு நெடுக்காக இறங்கும். விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்பாகவே நிற்கும். அது இரண்டு மரை நீளமோ அதற்கு மேலோ இருந்தால் சிலிண்டர் கழிக்கப்படும். இந்த வித்தியாசம் பிடிபட நூற்றுக்கணக்கான கழுத்துகளைப் பார்த்த கண் வேண்டும். கருவி இதில் துணை மட்டுமே.

2006 ஆகஸ்டில் இது சட்டமானது. 2007 ஜனவரி 1 முதல், 6351-இல் செய்த ஸ்கூபா, தீயணைப்போர் சுவாசக் கருவி, ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கு ஐந்தாண்டு மறுசோதனையின்போது ஹைட்ரோவோடு எடி கரண்டும் கண்பார்வைச் சோதனையும் கட்டாயம். தேறிய சிலிண்டரில் தேதிக்குப் பக்கத்தில் VE என்ற இரண்டு எழுத்தை அடிக்க வேண்டும்.

சட்டம் போட்ட கையோடு சண்டையும் வந்தது. பல கடைகள் 1990-க்கு முந்தைய அலுமினியத்தை, VE இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிரப்ப முடியாது என்று சொல்லிவிட்டன. சிலிண்டர் வைத்திருந்தவர்களுக்குக் கோபம். லட்சக்கணக்கில் செய்ததில் உடைந்தது விரல் விட்டு எண்ணும் அளவு, சட்டப்படி சோதித்து முத்திரையும் வாங்கியாச்சு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். புள்ளிவிவரக் கணக்கில் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் நான் கடைக்காரர் பக்கம்தான். சிலிண்டர் வைத்திருப்பவருக்கு அதன் முப்பது வருட வரலாறு தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறார். நிரப்புகிற பையனுக்கு ஒன்றும் தெரியாது. அது காரின் பின்பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் முழு அழுத்தத்தோடு வெந்ததா, விழுந்ததா, எதுவும் தெரியாது. வெடித்தால் அடிபடுவது அவன். அடிபடப்போகிறவன் முடியாது என்று சொல்வதில் வாதத்துக்கு இடமில்லை.

6061-க்கு மாறிய பிறகு இந்த வகை விரிசல் தொழிலை உலுக்கும் பிரச்சினையாக இல்லாமல் போனது. அதற்காக எல்லா ஆபத்தும் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. நம் பக்கத்துக் கடல்களில் எனக்கு அதைவிடக் கவலை தருவது வால்வு மரை மாறிப்போவது. அமெரிக்க வகைக் கழுத்தில் இருப்பது முக்கால் அங்குல மரை. ஐரோப்பிய வகையில் M25. ஐரோப்பிய வால்வை அமெரிக்கக் கழுத்தில் திருகினால் கொஞ்சம் லொடலொடவென்று இருக்கும், ஆனால் போய் உட்கார்ந்துவிடும். மரைப் பற்கள் நுனியில் மட்டும் கவ்வியிருக்கும். முதல் சில முறை நிரப்பும்போது தாங்கவும் செய்யலாம். பிறகு ஒரு நாள் வால்வு துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். இரண்டு வகைச் சிலிண்டரும் ஒரே அறையில் கிடக்கும் கடைகளில், வால்வைக் கழற்றிச் சர்வீஸ் செய்து மாட்டுகிறவர் ஒரு நிமிடம் கவனம் தவறினால் போதும். கழுத்திலும் வால்விலும் மரை வகை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் வாசித்துவிட்டுத்தான் கையால் திருக வேண்டும்.

பழைய இரும்புச் சிலிண்டருக்கு வேறொரு தொல்லை: உள்ளே ஈரம் புகுந்தால் துரு சுவரை மட்டும் தின்பதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனையும் தின்னும். மாதக்கணக்கில் கிடந்த சிலிண்டரை அழுத்தம் இருக்கிறதே என்று அப்படியே மாட்டிக்கொண்டு இறங்கக் கூடாது.

பழைய சிலிண்டர் கைக்கு வந்தால்

இந்தியாவில் அழுத்த சிலிண்டர்கள் 2016-ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகளுக்குள் வருகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அங்கீகரித்த நிலையங்களில்தான் மறுசோதனை செய்யலாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சிலிண்டரை யாராவது சல்லிசாகக் கொடுக்கிறார் என்றால், விலை பேசும் முன் தோளில் அடித்திருக்கும் எழுத்துகளைத் தண்ணீர் விட்டுத் துடைத்து வாசியுங்கள். 3AL என்றால் அமெரிக்க அலுமினியம். அதோடு ஒட்டி வரும் 3000 நிரப்பும் அழுத்தம். 1982-க்கு முந்தையவற்றில் 3AL இருக்காது, E6498 மாதிரியான சிறப்பு அனுமதி எண் இருக்கும், பார்த்ததுமே தள்ளிவைக்கலாம். தயாரிப்பு மாதமும் வருடமும் தனியாக இருக்கும். அமெரிக்கச் சிலிண்டரில் வருடம் 1990-க்கு முன் என்றால், கலவை என்னவென்று உறுதியாகும் வரை 6351 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டலினா என்றிருந்தால் அந்தச் சந்தேகம் வேண்டாம். தேதி மட்டும் போதாது, தயாரிப்பாளர் பெயரும் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஹைட்ரோ போட்டாச்சு, அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை என்று விற்பவர் சொல்வார். எந்த மாதம், எந்த நிலையம், VE இருக்கிறதா, கழுத்தை யார் பார்த்தது என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி உள்ளே பார்ப்பது அமெரிக்காவில் சட்டம் கட்டாயப்படுத்தாத, ஆனால் டைவிங் தொழில் தானாக வைத்துக்கொண்ட வழக்கம். கழுத்து விரிசல் பலவும் அந்தக் கண்பார்வைச் சோதனையில்தான் மாட்டின. பல மாதம் டைவ் இல்லையென்றால் சிலிண்டரை முழுக்க நிரப்பி வைக்காமல் கொஞ்சம் அழுத்தம் மட்டும் விட்டுவைப்பதும் நல்லது. உள்ளே ஈரம் நுழையாது, கழுத்துக்கும் சுமை இருக்காது.

கழித்த சிலிண்டருக்கு அமெரிக்காவில் ஒரு முறை உண்டு. தோளில் உள்ள விவரக்குறிப்பு எண் மீதும் அழுத்த எண் மீதும் வரிசையாக X அடித்துவிடுவார்கள், அல்லது கழிக்கப்பட்டது என்ற முத்திரையை அடிப்பார்கள். சோதனை நிலையம் தன் இஷ்டத்துக்கு அறுத்துப்போட முடியாது. சொந்தக்காரர் சொன்னால்தான் துளைபோட்டோ நசுக்கியோ அழுத்தம் தாங்காதபடி ஆக்கலாம். அதனால் X போட்ட சிலிண்டர்கள் முழுசாகவே வீட்டுக்குத் திரும்பிப் போவதுண்டு. பெயின்ட் அடித்து X-ஐ மறைத்துக் கைமாறுகிற சிலிண்டரும் இருக்க முடியும். தோளில் பெயின்ட் தடிமனாக இருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள்.